விதையில் கட்டி: தொடையிடுக்கில் கிழித்து முழுதாக எடுக்க வேண்டும் என்கிறார்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தேக்குக்கதவு26:

வணக்கம். வயது 26, ஊர் கண்டனூர், வேலை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில். எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வீட்டில் அம்மாவிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

வைகாசி கடைசியில் ஒரு நாள் குளிக்கும்போது வலது விதை கனத்துக் கிடப்பது போலத் தெரிந்தது. தொட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி கெட்டி, வலியே இல்லை. அந்த வாரம்தான் பள்ளத்தூரில் ஒரு வீட்டைப் பிரித்தபோது பர்மா தேக்கு நிலையை ஆறு பேர் சேர்ந்து லாரியில் ஏற்றினோம், பளு தூக்கியதில் ஏதோ பிசகியிருக்கும் என்று விட்டுவிட்டேன். கடையில் மூத்தவர் ஒருவர் ஓதம் இறங்கியிருக்கும் என்றார். அப்புறம் ஒரு கிளினிக்கில் காட்டினேன், அவர்களும் நீர் கோத்திருக்கிறது என்று ஆறு வாரம் மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை என்றதும் ஊசி குத்தி நீரை எடுத்துவிடலாம் என்று நாள் குறித்தார்கள். அன்றைக்குக் கடையில் லோடு வந்ததால் போகவில்லை.

அடுத்த வாரம் சித்தப்பாதான் விடாப்பிடியாக மதுரைக்குக் கூட்டிப்போனார். அந்த டாக்டர் அறை விளக்கை அணைத்துவிட்டு விதைப்பைக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தார். நீராக இருந்தால் வெளிச்சம் சிவப்பாக ஊடுருவித் தெரியும், இங்கே இருட்டாகவே நிற்கிறது பார் என்று என்னையே குனிந்து பார்க்கச் சொன்னார். அப்போதே கை கால் சில்லிட்டுவிட்டது. அல்ட்ராசவுண்டில் விதைக்கு உள்ளேயே 2.8 சென்டிமீட்டர் கட்டி. இந்த மாதிரிக் கட்டி இருந்தால் ரத்தத்தில் ஏறக்கூடிய இரண்டு பொருளைப் பார்த்தார்கள்: ஏஎஃப்பி சரியாக இருக்கிறது, பீட்டா எச்சிஜி கொஞ்சம் கூட. இந்த வாரமே விதையை முழுதாக எடுத்துவிட வேண்டும், அதையும் விதைப்பையில் இல்லாமல் மேலே தொடையிடுக்கில் கிழித்து எடுக்க வேண்டும் என்கிறார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டி இருக்கிற இடம் ஒன்று, கிழிக்கிற இடம் வேறா? கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மீதியை விட முடியாதா? கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்தால் என்ன? இதற்குப் பின்னால் வயிற்றைத் திறந்து இன்னொரு பெரிய ஆபரேஷனும் உண்டு என்று யாரோ சொன்னார்கள், அது எல்லோருக்குமா? தையில் மாமன் மகளோடு கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள், மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. குழந்தை பிறக்குமா என்பதை யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை. தயவுசெய்து தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தேவகோட்டைரஸ்தா:

தம்பி, முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வை. எனக்கு 2018ல் இதே நோய், அப்போது வயது 27. இன்றைக்கு மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள், இதை எழுதும்போது பக்கத்தில்தான் தூங்குகிறாள்.

நீ கேட்கிற இரண்டு ஆபரேஷனும் எனக்கு நடந்தது. முதலாவது நீ நினைக்கிற அளவுக்கு இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள், மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் ஒரு விரல் நீளத்துக்குத் தையல், குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தவர்களுக்கு இருக்குமே அதே இடம். முதல் நாலு நாள் இருமினால், தும்மினால் தையலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், இந்தியக் கழிப்பறையில் உட்கார்ந்து எழுவதுதான் பெரும் பாடு. அதற்கு முன்பே வெஸ்டர்ன் நாற்காலி ஒன்று வாங்கி வைத்துக்கொள். இறுக்கமான உள்ளாடை இரண்டு மூன்று வேண்டும், பை தொங்காமல் தாங்கிக்கொண்டால் வலி பாதி குறையும்.

இந்த நோயில் செமினோமா, நான்-செமினோமா என்று இரண்டு வகை, எனக்கு வந்தது நான்-செமினோமா. முதுகுப்பக்கம் வயிற்றுக்குள் நாலு சென்டிமீட்டருக்கு நெறி கட்டியிருந்தது, அதனால் பிஇபி என்கிற கீமோ மூன்று சுற்று, ஒரு சுற்றுக்கு 21 நாள். முடிந்து ஸ்கேன் எடுத்தால் கட்டி 2.2க்குச் சுருங்கியிருந்தது, மறையவில்லை. ரத்தத்தில் எல்லாம் சரியாகிவிட்டதே, இதை விட்டுவிடலாமே என்று நான் எவ்வளவோ கெஞ்சினேன். டாக்டர் சம்மதிக்கவில்லை. மிச்சமிருப்பது செத்த திசுவாகவும் இருக்கலாம், டெரட்டோமா என்கிற வளரக்கூடிய கட்டியாகவும் இருக்கலாம், டெரட்டோமா கீமோவுக்கு மசியாது, கத்தியால் எடுத்தால்தான் போகும் என்றார். எடுத்துப் பார்த்தபோது டெரட்டோமாதான். அன்றைக்கு அவர் என் பேச்சைக் கேட்டிருந்தால் அது உள்ளேயே இருந்து வளர்ந்திருக்கும்.

அந்த ஆபரேஷன் பெரியதுதான், மறைக்க மாட்டேன். நெஞ்செலும்புக்குக் கீழே தொடங்கி தொப்புளைத் தாண்டி ஒரே கோடு. ஐந்து மணி நேரம் ஆனது, எட்டு நாள் ஆஸ்பத்திரி. நீயும் அந்த பிஇபியில் இருக்கும் பிளியோமைசின் மருந்து எடுத்துக்கொள்ள நேர்ந்தால் ஒன்றை மறக்காதே, அதற்குப் பிறகு எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மயக்க டாக்டரிடம் அந்த மருந்தின் பெயரை நீயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நுரையீரலைத் தொட்டிருக்கும், ஆக்சிஜனை அளவோடுதான் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்தபின் சில வாரத்துக்குக் கொழுப்புச் சாப்பாடு கூடாது, உள்ளே நிணநீர்க் குழாய்களை எல்லாம் கட்டியிருப்பதால் எண்ணெய் நெய் சேர்ந்தால் வயிற்றில் பால் மாதிரி நீர் கோக்கும். எங்கள் ஆத்தாவுக்கு எண்ணெய்ச் சட்டி இல்லாமல் சமைக்கவே தெரியாது. பிள்ளை வயிறு கிழிபட்டு வந்திருக்கிறான், ஒரு கந்தரப்பம்கூட சுட்டுத் தர முடியவில்லையே என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதது. இட்லியும் தேங்காய் சேர்க்காத ரசமும் இடியாப்பமுமாக ஒரு மாதம் ஓட்டினோம்.

இதெல்லாம் உனக்கும் வரும் என்று சொல்லவில்லை. முதல் ஆபரேஷனோடு முடிந்து போகிறவர்கள் எத்தனையோ பேர். கீமோ வார்டில் ஒரு அண்ணன் எனக்குச் சொன்னதை உனக்குச் சொல்கிறேன்: யுவராஜ் சிங்குக்கு வந்ததும் இதே இனத்து நோய்தான், அவருக்கு விதையில் இல்லை, நெஞ்சுக்குள் இரண்டு நுரையீரலுக்கும் நடுவில். 2012 மார்ச் வரை கீமோ எடுத்தவர் அந்த செப்டம்பரில் சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராக மட்டையோடு இறங்கினார். நான் அதை டிவியில் பார்த்தவன், ஆனால் அந்த வார்டில் கேட்டபோதுதான் அது எனக்கு உறைத்தது.

குழந்தை விஷயம்: ஆபரேஷனுக்கு முன்னால் விந்து வங்கியில் கொடுத்து வைத்துவிடு. நாளைக்கே போ.


கோட்டையூர்_பெரியவர்:

தம்பி, கத்தி வைப்பதற்கு முன்னால் ஒரு மண்டலம் கழற்சிக்காய்ப் பருப்பை விளக்கெண்ணெயில் அரைத்துப் பற்றுப் போட்டுப் பார். எங்கள் தகப்பனாருக்கு இளநீர்க் காய் அளவுக்கு வீங்கியிருந்தது, இதிலேயே வற்றியது, நான் கண்ணால் பார்த்தது. உறுப்பை எடுத்துவிட்டால் திரும்ப வராது. கல்யாணம் ஆகாத பிள்ளை, அவசரப்படாதே என்பதற்காகச் சொல்கிறேன்.


புதுவயல்_ஆச்சி:

அய்யா, உங்கள் அக்கறை புரிகிறது, உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. உங்கள் தகப்பனாருக்கு இருந்தது நீர். இந்தத் தம்பிக்கு இருப்பது கட்டி, ஸ்கேனில் அளவோடு தெரிந்துவிட்டது. இதில் ஒரு மண்டலம் என்பது நாற்பத்தெட்டு நாள். அந்த நாற்பத்தெட்டு நாளின் விலை என்ன என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

என் தம்பி ஹாஸ்டலில் இருந்து படித்தான், 22 வயது. ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் அப்பச்சிக்கு அடுத்து நானும் ஆத்தாவும்தான், பெண்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டிருக்கிறான். முதுகு வலிக்கிறது, முதுகு வலிக்கிறது என்று மட்டும் சொல்லுவான், நான்தான் தைலம் தேய்த்துவிடுவேன். நான் தேய்த்த இடத்துக்கு நேர் உள்ளே நெறி கட்டி வளர்ந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கூட்டிப்போனபோது நுரையீரல் முழுக்க, மூளையிலும். அந்த நிலையில் வருகிறவர்களையும் நிறையப் பேரைக் காப்பாற்றுகிறார்கள், எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டாக்டர் ஒருவர், இரண்டு மாதத்தில் வந்திருந்தால் ஒரு சின்ன ஆபரேஷனோடு போயிருக்கும் அம்மா என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் தம்பி, நீ அம்மாவிடம் இன்றைக்கே சொல். விதையில் கட்டி என்று அந்த வார்த்தையையே சொல். ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் அது வெறும் உடம்பு வார்த்தைதான்.

மாமன் வீட்டுக்கும் நீயே சொல்லிவிடு, மற்றவர் வாயால் போய்ச் சேர்ந்தால் ஒன்று பத்தாகும். பணத்துக்கு வழி இல்லை என்று தயங்காதே. ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வாங்கலாம், குடும்பத்தின் வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு அதில் இடம் உண்டு. அட்டை வருவதற்காக ஆபரேஷனைத் தள்ளிப் போடாதே, மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் கேள், அங்கேயே வழி சொல்வார்கள்.


பள்ளத்தூர்_யூராலஜி:

சொந்த ஊர் பள்ளத்தூர், மதுரையில் சிறுநீரக அறுவை மருத்துவராக இருக்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் உங்களுக்கு என்று எதையும் முடிவாகச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் கேட்ட கேள்விகளுக்குக் காரணம் சொல்ல முடியும். இதைப் புரிந்துகொண்டு உள்ளே போகிறவருக்கு பயம் பாதிதான் இருக்கும்.

அந்த ஊசி போடாமல் விட்டது பெரிய காரியம். ஏன் என்று சொல்கிறேன். தாயின் வயிற்றில் குழந்தை இருக்கும்போது விதை உருவாவது கீழே இல்லை, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். பிறகுதான் மெதுவாகக் கீழே இறங்குகிறது, இறங்கும்போது தன் ரத்தக் குழாயையும் நிணநீர்க் குழாயையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால் விதையில் வரும் புற்று பரவும்போது தான் பிறந்த இடத்துக்கே, முதுகெலும்புக்கு முன்னால் பெரிய ரத்தக் குழாய்களை ஒட்டி இருக்கும் நெறிகளுக்கே போகும். அந்த ஆச்சி தைலம் தேய்த்தது அதனால்தான் முதுகில். விதைப்பையின் தோல் வேறு கதை, அதன் நிணநீர் தொடையிடுக்கு நெறிக்குப் போகிறது. விதைப்பையில் கிழித்தாலோ ஊசி குத்தினாலோ நோய்க்கு இரண்டாவதாக ஒரு பாதையை நாமே திறந்துவிட்டது போல ஆகிவிடும். இதனால்தான் மேலே கிழிக்கிறோம். அங்கே விதையைத் தாங்கும் குழாய்க்கொத்தைக் கண்டுபிடித்து முதலில் அதைக் கிளிப் போட்டு நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகுதான் விதையைக் கீழேயிருந்து மேலே உருவி எடுக்கிறோம். கொத்தை எவ்வளவு உயரத்தில் கட்ட முடியுமோ அவ்வளவு உயரத்தில் கட்டி வெட்டுவோம், கட்டும் நூல் கரையாத நூல். பின்னால் ஒருவேளை வயிற்றைத் திறக்க நேர்ந்தால் மிச்சம் இருக்கும் நுனியை அந்த நூலை வைத்து அடையாளம் கண்டு எடுப்போம்.

முன்கூட்டியே சதை எடுத்து டெஸ்ட் செய்யாததும் இதே காரணத்தால். எடுத்த விதை முழுவதுமே பயாப்சிதான்.

கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷன் உண்டு. ஒரே விதை உள்ளவர்கள், இரண்டு பக்கமும் கட்டி வந்தவர்கள், அல்லது இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்து புற்று இல்லாத கட்டியாக இருக்கலாம் என்று தோன்றும் சிலர், இவர்களுக்கு யோசிப்போம். இன்னொரு விதை நன்றாக இருக்கிற ஒருவருக்கு 2.8 சென்டிமீட்டர் கட்டியில் மீதியை விட்டு வைப்பதில் லாபம் இல்லை, மீதியிலும் நோய்க்கு முந்தைய செல்கள் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு விதை நன்றாக இருந்தாலே பெரும்பாலானவர்களுக்கு ஆண் ஹார்மோனுக்கும் குழந்தைக்கும் போதும். வெளித்தோற்றம் உறுத்துகிறது என்றால் சிலிக்கானில் செய்த செயற்கை விதையை அதே ஆபரேஷனிலேயே வைத்துக்கொள்ளலாம், பிறகும் வைக்கலாம். வேண்டுமா என்று மேஜையில் படுப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

விந்து சேமிப்பதை நானும் வற்புறுத்துகிறேன். இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு ஆபரேஷனுக்கு முன்பே எண்ணிக்கை குறைவாக இருக்கும், கீமோ வந்தால் இன்னும் குறையும். இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு ஓரிரு முறை கொடுத்தால் போதும், திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வருடக்கணக்கில் இருக்கும். இதற்காக ஆபரேஷனை வாரக்கணக்கில் ஒத்திவைக்கத் தேவையில்லை.

அடுத்து என்ன என்பது மூன்றைப் பொறுத்தது: எந்த வகை, ஸ்கேனில் எங்கேயாவது பரவியிருக்கிறதா, ஆபரேஷனுக்குப் பிறகு ரத்த அளவு இறங்குகிறதா. உங்களுக்கு ஏஎஃப்பி சரியாக இருப்பதால் செமினோமாவாக இருக்கலாம், சுத்தமான செமினோமா ஏஎஃப்பியை ஏற்றாது. எச்சிஜி கொஞ்சம் ஏறியிருப்பதும் செமினோமாவில் சிலருக்கு உண்டு, அது ஒன்றரை நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைய வேண்டும், ஏஎஃப்பி ஏறியிருந்தால் அது பாதியாக ஐந்து முதல் ஏழு நாள். அப்படிக் குறையாமல் நின்றால் எங்கோ மிச்சம் இருக்கிறது என்று பொருள். ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள், பின்னால் ஒப்பிட அது வேண்டும்.

செமினோமா, வேறெங்கும் இல்லை என்றால் வெறும் கண்காணிப்பே போதும். அப்படி விட்டவர்களில் நூற்றில் பதினைந்து இருபது பேருக்கு வயிற்று நெறியில் திரும்ப வரும், வந்தாலும் குணமாக்கிவிடலாம். ஸ்கேனுக்கு ஒழுங்காக வர முடியாதவர்களுக்கு கார்போபிளாட்டின் என்கிற கீமோ மருந்து ஒரு டோஸ் போடுவது உண்டு. நான்-செமினோமா என்றால் கட்டிக்குள் ரத்தக் குழாயில் புற்றுச்செல் புகுந்திருக்கிறதா என்று பார்ப்போம், புகுந்திருந்தால் கண்காணிப்பில் திரும்ப வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அவர்களுக்குக் கண்காணிப்பு, ஒரு சுற்று பிஇபி, அல்லது நீங்கள் பயப்படும் அந்த வயிற்று ஆபரேஷன், இந்த மூன்றையும் முன்னால் வைத்துப் பேசுவோம்.

அதற்கு ஆர்பிஎல்என்டி என்று பெயர், வயிற்றின் பின்பக்க நெறிகளை எல்லாம் வழித்து எடுப்பது. தேவகோட்டைக்காரருக்கு நடந்ததுபோல கீமோவுக்குப் பின் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மிச்சம் இருந்தால் நான்-செமினோமாவில் கட்டாயம் எடுப்போம். அப்படி எடுத்ததில் கிட்டத்தட்ட பாதி செத்த திசுவாகவும், நூற்றில் நாற்பது டெரட்டோமாவாகவும், பத்து உயிருள்ள புற்றாகவும் இருக்கும். எது எது என்று ஸ்கேன் பிரித்துச் சொல்லாது. செமினோமாவில் முறை வேறு, மிச்சம் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் சில வாரம் பொறுத்து அதில் உயிருள்ள புற்று இருக்கிறதா என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்துதான் முடிவு, எடுத்த எடுப்பில் கத்தி இல்லை. சின்ன நெறி மட்டும் கட்டிய செமினோமாவுக்கு கீமோவுக்குப் பதிலாக இந்த ஆபரேஷனையே முதலில் செய்வதும் சில ஆண்டுகளாக நடக்கிறது.

ஆர்பிஎல்என்டியில் எல்லோரும் கேட்கும் சந்தேகம் ஒன்று. உறவு கெடாது, விறைப்பும் போகாது. விந்தை வெளியே தள்ளும் நரம்புகள் அந்த நெறிகளுக்கு நடுவில் மெல்லிய நூல் போல ஓடுகின்றன. அவை அறுந்தால் விந்து வெளியே வராமல் மூத்திரப்பைக்குப் போய்விடும், அல்லது வராமலே போகும். நரம்பைப் பிரித்தெடுத்து ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு நெறியை எடுக்கும் முறை இருக்கிறது, நோய் சிறிதாக இருக்கும்போது பெரும்பாலானவர்களுக்கு அது கைகூடும். ஆகவே இந்த ஆபரேஷனை எங்கே செய்கிறோம் என்பது முக்கியம், அடிக்கடி செய்கிற கை வேண்டும். திறந்து செய்தாலும் சரி, ரோபோ வைத்துச் செய்தாலும் சரி, இதை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். அடையாறு புற்றுநோய் நிலையம் மாதிரி இடத்தில் இரண்டாவது கருத்து வாங்கினால் நாங்கள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏறினால் மதியத்துக்குள் சென்னை.

ஒன்று கேட்கிறேன், சிறு வயதில் உங்களுக்கு விதை இறங்காமல் இருந்து ஆபரேஷன் ஏதாவது செய்தார்களா? அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.


தேக்குக்கதவு26:

எல்லோருக்கும் நன்றி. டாக்டர், நீங்கள் கேட்டதை அம்மாவிடம் கேட்கப் போய்த்தான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. எனக்கு ஆறு வயதில் வலது பக்கம் விதை கீழே வராமல் இருந்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள், எனக்கு நினைவே இல்லை, அந்தத் தழும்பைக் குடலிறக்கம் என்றே நினைத்து வளர்ந்திருக்கிறேன். ஒரு வயதிலேயே காட்டியிருந்தால் உனக்கு இது வந்திருக்காதோ என்று அம்மா அழுதுகொண்டே இருந்தது. அப்பத்தாதான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாமாவிடம் நானே போய்ச் சொன்னேன், பாதியில் குரல் உடைந்துவிட்டது. அவர் நடுவில் ஒன்றும் பேசவில்லை. கடைசியில், ஆபரேஷன் என்றைக்கு, யார் கூட இருப்பது என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் மதுரையில் விந்து சேமித்துவிட்டேன். சனிக்கிழமை ஆபரேஷன்.


தேவகோட்டைரஸ்தா:

நல்லது தம்பி. முடிந்ததும் இரண்டு வரி போடு, நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.


தேக்குக்கதவு26:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்க வேண்டும், ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணே, நீங்கள் சொன்ன வெஸ்டர்ன் நாற்காலி இல்லாவிட்டால் திண்டாடியிருப்பேன், மாமாதான் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். செயற்கை விதை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது நாள் முதல் முறையாகக் கையை வைத்துப் பார்த்தபோது மனசு என்னவோ செய்தது. இப்போது குளிக்கும்போது அது நினைப்பில் வருவதில்லை.

சுத்தமான செமினோமா என்று ரிப்போர்ட். 3 சென்டிமீட்டர், விதைக்குள்ளேயே இருக்கிறது, கொத்தை வெட்டிய நுனியில் இல்லை. எச்சிஜி இரண்டு வாரத்தில் இயல்புக்கு வந்துவிட்டது. நெஞ்சு, வயிறு சிடி ஸ்கேனில் ஒன்றும் இல்லை. கண்காணிப்பில் இருக்கலாம், இல்லை கார்போபிளாட்டின் போடலாம், நீயே யோசித்துச் சொல் என்றார்கள். நான் கண்காணிப்பு என்று சொல்லியிருக்கிறேன், ஸ்கேனுக்கு ஒருமுறைகூடத் தவற மாட்டேன் என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டது. டாக்டர், இந்த முடிவு சரிதானே? பழைய ஆபரேஷனால் ஏதாவது வித்தியாசம் உண்டா? பளு எப்போது தூக்கலாம்?


பள்ளத்தூர்_யூராலஜி:

மிக நல்ல ரிப்போர்ட். உங்கள் இடத்தில் என் தம்பி இருந்தாலும் கண்காணிப்பையே சொல்வேன்.

பழைய ஆபரேஷனால் ஒரு வித்தியாசம் உண்டு. தொடையிடுக்கில் முன்பே கத்தி பட்டவர்களுக்கு நிணநீர் சில நேரம் பாதை மாறி ஓடும். அதனால் ஒவ்வொரு முறையும் வயிறு மட்டும் எடுக்காமல் இடுப்புக்குழியையும் சேர்த்து ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள், தொடையிடுக்கையும் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஆபரேஷன் நடந்த விவரத்தைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே டாக்டர் இருக்க மாட்டார். முதல் இரண்டு வருடம் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன், பிறகு இடைவெளி கூடும், ஐந்து வருடம் வரை பார்ப்போம். மற்ற விதையை மாதம் ஒரு முறை வெந்நீரில் குளித்தபின் நீங்களே உருட்டிப் பாருங்கள், ஒரு பக்கம் வந்தவர்களுக்கு மறுபக்கம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம்.

அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் செய்தது தப்பே இல்லை. கீழே இறக்கி வைத்ததால்தான் கட்டி உங்கள் கைக்குத் தட்டுப்பட்டது, வயிற்றுக்குள்ளேயே இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போதெல்லாம் இந்த ஆபரேஷனை ஒன்றரை வயதுக்குள் முடித்துவிடச் சொல்கிறோம், அந்தக் காலத்தில் ஊர்ப்பக்கம் யாரும் அவ்வளவு சீக்கிரம் அனுப்பவில்லை. வீட்டில் கைக்குழந்தை, ஆண் குழந்தை யாராவது இருந்தால் இரண்டு பக்கமும் இறங்கியிருக்கிறதா என்று ஒருமுறை காட்டிவிடுங்கள்.

நடையும் சைக்கிளும் இப்போதே சரி. தேக்கு நிலைக்கு மொத்தம் ஆறு வாரம் ஆகட்டும்.


தேக்குக்கதவு26:

சரி டாக்டர், சீட்டில் எழுதி வாங்கிவிட்டேன். அக்கா மகனுக்கு எட்டு மாதம், நேற்று அரியக்குடியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள், தடுப்பூசி போடும் இடத்திலேயே அக்கா கேட்டுப் பார்த்துவிட்டது. இரண்டும் கீழே இறங்கியிருக்கிறதாம்.